நிலவைக் காட்டி மிரட்டிய நாள்

நான்காண்டுகட்கொரு முறை நாட்காட்டியில் தலைகாட்டும் நாள் பிப்ரவரி 29. 1504ஆம் ஆண்டு அந்நாளில் ஜமைக்காக் கரையில் நடந்த நாடகத்தை நாம் மறத்தலாகாது.

புழு அரித்த கப்பல்களோடு 1503 ஜூனில் அங்கே ஒதுங்கிய கொலம்பசுக்கு உணவளித்துக் காத்தவர்கள் தாயினோ மக்கள். திங்கள் பல உருண்டன. கலகம் செய்த மாலுமிகள் அம்மக்களையே கொள்ளையிட்டனர், உணவு அருகியது.

கொலம்பசிடம் ஒரு நூல் இருந்தது. ஜெர்மானிய வானியல் அறிஞர் ரெகியோமொன்டானஸ் வகுத்த அட்டவணை அது. அவர் மாண்டு ஏறத்தாழ 28 ஆண்டுகளாகியும் அவர் கணக்கு மாளவில்லை! அன்றிரவு சந்திரகிரகணம் என்று அது கூறிற்று. தலைவர்களை அழைத்தான் கொலம்பஸ். உணவு தர மறுத்ததால் தன் ஆண்டவன் சினங்கொண்டான், நிலவே அதற்குச் சான்று பகரும் என்றான்.

நிலவு சிவந்தது. மக்கள் அலறினர். தொழச் செல்வதாகக் கூறி அறைக்குள் புகுந்தவன், கிரகணம் விலகும் வேளை பார்த்து வெளிவந்து, மன்னிப்புக் கிடைத்தது என்றான்.

நிழல் விழும் நாழிகையைக் கணித்தது அறிவு. அதை மறைத்து ஆண்டவனைக் காட்டியதோ, நாம் நன்கறிந்த புரோகிதத் தந்திரமன்றோ!

1504 ஜூனில் அவன் மீண்டு செல்லும்வரை உணவு தடையின்றி வந்தது. இந்நிகழ்ச்சியை எழுதி வைத்தவர்களுள் ஒருவர் கொலம்பசின் மகன். தாயினோ மக்கள் சொன்ன கதை நம்மை வந்தடையவில்லை.