ஒரே கூரை, நானூறு பேர்

இந்த வாரம் நிசா நகரத்து ஆயர் கிரிகோரியிடம் போவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு கொலை வழக்கு என்னைப் பிடித்துக்கொண்டது.

கி.பி. 61. ரோம் நகரத்தின் தலைமை அதிகாரி பெடானியஸ் செகண்டஸை அவர் வீட்டு அடிமை ஒருவனே கொன்றுவிட்டான். விலை பேசிவிட்டு விடுதலை தர மறுத்தார் என்று ஒரு பேச்சு. ஒரே இளைஞன் மீது இருவருக்கும் ஆசை என்று இன்னொரு பேச்சு. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இரண்டையும் எழுதிவைத்துவிட்டு நைசாக நகர்ந்துவிடுகிறார்.

எஜமானை அடிமை கொன்றால், அந்தக் கூரையின் கீழ் இருந்த அடிமைகள் எல்லோரும் சாக வேண்டும். ரோமானிய வழக்கம் அது. பெடானியஸ் வீட்டில் 400 பேர், பெண்களும் சிறுவர்களும் சேர்த்து.

செனட்டில் சிலருக்கு மனசு கேட்கவில்லை. எழுந்தார் சட்டமேதை காசியஸ் லாங்கினஸ். இந்த அடிமைக் கூட்டத்தைப் பயம் ஒன்றுதான் அடக்கும், நிரபராதிகள் சிலர் சாவதைப் பொதுநன்மை ஈடுகட்டிவிடும் என்று வாதாடி ஜெயித்தார். இந்தக் கதையில் எனக்கு வில்லன் பேரரசன் நீரோ அல்ல, கொலைக்கு இலக்கணம் எழுதிக் கொடுத்த இந்தப் பெரிய மனிதர்தான்.

ஜனம் கல்லும் தீப்பந்தமுமாகத் தெருவில் திரண்டது. படித்தவர்களைவிட அந்தக் கும்பலுக்கு நியாயம் தெரிந்திருந்தது. நீரோ வழிநெடுகப் படையை நிறுத்தி, 400 பேரையும் சாவுக்கு அனுப்பினான்.

அப்போது அவனுக்கு ஆலோசகர் தத்துவஞானி செனெகா. அடிமைகளும் மனிதர்களே, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு என்று பிற்பாடு லூசிலியஸுக்குக் கடிதம் எழுதியவர். இந்த வழக்கில் அவர் வாய் திறந்ததாக டாசிட்டஸிடம் ஒரு வரிகூட இல்லை. அடிமையை உயிருள்ள கருவி என்ற அரிஸ்டாட்டிலைவிட இவர் மேல்தான். ஆனால் அன்பாக நடத்தச் சொன்னாரே தவிர, ஆளை விலைக்கு வாங்கியதே குற்றம் என்று சொல்லவில்லை. திருத்தூதர் பவுலும் அடிமை ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்கும்படி அவன் எஜமான் பிலமோனைக் கேட்டதோடு நின்றார்.

வாங்கியதையே குற்றக்கூண்டில் ஏற்றியவர் கிரிகோரி. சுமார் 380-இல், கப்பதோக்கியாவில் பைபிளின் பிரசங்கி நூலுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தவர், அடிமைகளை வாங்கியதாக வரும் இடத்தில் நின்றுவிட்டார். சில காசும் ஒரு விற்பனைச் சீட்டும் இருந்தால் கடவுளின் சாயலுக்கு எஜமானாகிவிட முடியுமா என்று மடக்கினார். அவருக்குப் பின்வந்த அகஸ்டினோ, அடிமைத்தனம் பாவத்தின் விளைவு என்று சொல்லி, அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்.

கிரிகோரியின் துணிச்சலில் அக்கா மக்ரினாவுக்குப் பங்குண்டு என்பது என் ஊகம். பெற்ற தாயையும் வீட்டு வேலைக்காரிகளையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த பெண் அவர். அடுத்த வாரம் அக்காவிலிருந்தே தொடங்குகிறேன்.