ஓராண்டு விரிவுரையாளரும் வன்னியின் வரலாறும்

வன்னியின் வரலாற்றை அறியப் புகுவோர்க்கு முதலிற் கைக்கு எட்டும் நூல், ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலாகும். குளமும் வயலும் மக்கள் வழக்கமும் அதிலே விரிவாகப் பதிவாகியுள்ளன. எனினும், அது ஆள்வோரின் தேவைக்காக ஆள்வோருள் ஒருவர் எழுதியது. அடுத்து நாம் பெருமையோடு எடுத்துக் காட்டக்கூடிய ஆராய்ச்சி, 1660 முதல் 1760 வரை வட இலங்கை வன்னியர் நிலையை ஆராய்ந்து சின்னப்பா அரசரத்தினம் 1966இல் வெளியிட்ட கட்டுரையாகும்.

ஒல்லாந்தர் ஆட்சி பற்றிய அவரது முதல் நூல் 1958இல் வெளிவந்தது. அந்நூலுக்குப் பின்னும் ஒல்லாந்தரின் பழைய ஆவணங்களோடு பல ஆண்டுகள் உறவாடிய பிறகே வன்னியர் கட்டுரை உருவாயிற்று. அது அச்சேறியபோது அவர் பேராதனையில் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். வன்னியைப் பற்றி அமர்ந்து சிந்திப்பதற்கான அவகாசத்தையும் ஊதியத்தையும் கோலாலம்பூர் கொடுத்தது என்பது நமக்குச் சற்று உறுத்தவேண்டிய செய்தியன்றோ?

ஒல்லாந்தர் காலத்துக்கு ஓர் அரசரத்தினம் வாய்த்தார். அதற்குப் பிற்பட்ட காலத்துக்கு யார்? 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலப் படையைத் தாக்கி விரட்டிய பண்டாரவன்னியனை நாம் நாடகத்திலும் மேடையிலும் கொண்டாடுகின்றோம். அவ்வாண்டு அக்டோபர் 31இல் ட்ரிபேர்க் என்னும் படைத்தலைவன் அவனைத் தோற்கடித்த செய்தி கற்சிலைமடுவில் ஒரு கல்லிற் பொறிக்கப்பட்டது. கல் கூறியது தோல்வியை மட்டுமே. அவன் அங்கேயே மாண்டான் என்பது மக்கள் நம்பிக்கை. அவனோடு நின்று பொருதவர் யார், அவர்களுக்குச் சோறு விளைவித்தவர் யார் என்று மாணவன் ஒருவன் கேட்டுவிட்டால் ஆசிரியர் பாடு திண்டாட்டந்தான்.

ஆயினும், இன்றைய வன்னியை ஆக்கியவர்கள் வன்னிமைகள் அல்லர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளத்துக்கு மண் சுமந்தவர்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் பின் காடு வெட்டிக் குடியேறியவர்கள். 1958இலும் 1977இலும் வன்செயலுக்குத் தப்பி ஓடிவந்தவர்கள். இவர்களுடைய உழைப்பிலே எழுந்ததுதான் இம்மண். இவர்களுள்ளும் மலையகத்திலிருந்து வந்தோரின் கதை தனியானது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரு நாடுகளுக்குமிடையே தலை எண்ணிப் பங்கிடப்பட்ட மக்கள் அவர்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை இங்கே நெல் வயலிற் கூலிக்கு இறங்கிற்று. அவர்களுட் பலர், தாம் திருத்திய காணிக்கு அனுமதிப் பத்திரமின்றி ஆண்டாண்டாக வாழ்ந்தனர். அவர்களைக் கூலிக்கு அமர்த்தியவர்களிற் பெரும்பாலோர் தமிழர்களே. இதனை நாம் மேடையிற் சொல்வதில்லை.

1995இன் பேரிடப்பெயர்வும் 2009இன் பேரழிவும் இவற்றின்மேல் வந்து விழுந்தன. உறுதியும் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் புகைப்படமும் வழிநெடுகச் சிதறிப்போயின. ஆகவே, வன்னியின் நவீன வரலாற்றுக்கு எஞ்சியிருக்கும் சான்றுகளுள் தலையாயது முதியோரின் நினைவே.

அந்நினைவைத் திரட்டவேண்டியவர் நவீன வரலாறு கற்பிக்கும் விரிவுரையாளர். வவுனியாவில் 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம் அமைந்தது. அது 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமாகியபோது பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் என மூன்று பீடங்களோடு எழுந்தது. கிளிநொச்சி அறிவியல் நகருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயமும் பொறியியலும் வந்தன. இவை வேண்டாமென்பார் எவருமிலர். ஆனால், வரலாறு பயில விரும்பும் வன்னி மாணவன் யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ போகவேண்டியிருந்தது. போய்ச் சிறப்பாகத் தேறினால் அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவி.

இப்பதவியின் இயல்பைத் தெரிந்துகொள்ளல் நன்று. நியமனம் ஓராண்டுக்கு, பின்னர் புதுப்பிக்கப்படலாம், படாமலும் போகலாம். நிரந்தர இடத்துக்கு ஆளணி வேண்டும். திறைசேரி இசைய வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர் பலர் நாட்டைவிட்டு அகன்றனர். அவர்கள் விட்டுச்சென்ற வேலைச் சுமை இருப்பவர் தலையில் ஏறிற்று. நிரந்தரமானவர்க்கு மேற்படிப்பு விடுமுறை உண்டு. தற்காலிகமானவர் பல வேளைகளில் அவ்விடுமுறையிற் சென்றவரின் இடத்தை நிரப்பவே அழைக்கப்படுகின்றார். தமிழ்நாட்டு அரசு கல்லூரிகளிற் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரால் உழைப்போர் நிலையும் இதற்கு வெகு தூரமன்று. கௌரவம் பெயரிலே இருக்கின்றது.

நான் தமிழ் பயின்றவன். வரலாறு பயின்ற நண்பர் ஒருவர் மூன்று ஆண்டுகள் இத்தகைய பதவியில் இருந்தார். வார நாட்களில் வகுப்பும் விடைத்தாளும். வார இறுதியில் பேருந்தேறி வன்னிக் குடியிருப்புகளுக்கு வந்து மலையக முதியோரைச் சந்திப்பார். முதல் நாள் எவரும் வாய் திறக்கமாட்டார்கள். நான்காம், ஐந்தாம் முறைதான், வந்த ஆண்டும் ஏறிய லொறியும் முதற் கொட்டில் போட்ட இடமும் வெளிவரும். இந்த வேலைக்கு ஓராண்டு என்ன செய்யும்? நான்காம் ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் இப்போது வெளிநாடொன்றிற் களஞ்சியசாலையில் வேலை செய்கின்றார்.

காலக் குறைவினும் கொடியது அச்சம். நவீன வரலாறு என்பது இறந்தவர்களைப் பற்றியது மட்டுமன்று. காணி யாருக்குப் போயிற்று, குளத்து நீர் எந்த வாய்க்காலால் திரும்பிற்று, கூலி எவ்வளவு, ஆயுதம் ஏந்திய தரப்பினர் யார் யாருக்கு என்ன செய்தனர் என்று அது கேட்கும். கேட்கப்படுபவர்கள் உயிரோடும் செல்வாக்கோடும் இருக்கின்றார்கள். அடுத்த ஆண்டு வேலை உண்டோ என்று அறியாத ஒருவர் இவ்வினாக்களை விட்டு, யாரையும் நோகச்செய்யாத பழங்காலத் தலைப்பொன்றைத் தேர்ந்துகொண்டால் அவரைப் பழிப்பது எவ்வாறு? அரசுக்கு இது சம்பளச் சிக்கனம். நம் சமூகத்துப் பெரியவர்களுக்கும் இம்மௌனம் வசதியாகவே இருக்கின்றது. ஆதலாற்றான் இதற்காக எவரும் ஊர்வலம் போகவில்லை. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். அக்கோரிக்கையை ஆதரிப்போர், அந்தப் பணத்தில் ஒரு பங்கு எங்கே செலவாக வேண்டும் என்பதையும் சொல்லியாதல் வேண்டும்.

வேண்டுவது பெரிதன்று. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நவீன வரலாற்றுக்கு ஒரு நிரந்தர விரிவுரையாளர் பதவி. வாய்மொழிச் சான்றுகளைப் பதிந்து பேண ஓர் அறை. உதவிக்கு இரு மாணவர். 1977இல் இருபது வயதிற் கைக்குழந்தையோடு வந்திறங்கிய பெண்ணுக்கு இன்று எழுபதை அண்மித்த வயது. நண்பர் புறப்படும்போது தந்த நான்கு கொப்பிகள் என் அலுமாரியில் இருக்கின்றன. இரண்டாவது கொப்பியிற் பேசும் அறுவரில் இருவர் காலமாகிவிட்டனர்.