வசனம் தேவைப்படாத சிரிப்பு

"உங்க வீட்டுல தமிழா, தெலுங்கா?" இங்கே வளைகுடாவில் வாரம் ஒருத்தராவது கேட்கிறார்கள். சித்தூர்க்காரன் என்ன பதில் சொல்வது? 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்கே தலைநகரம் எங்கள் ஊர். பிறகு தனி மாவட்டம், 1953-ல் ஆந்திரா. திருப்பதியும் 2022-ல் தனி மாவட்டமாகிவிட்டது. கடைத்தெருவில் மட்டும் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் கலந்தே ஓடும்.

இந்த மாதிரி ஊர்களுக்கென்றே செய்தது போல ஒன்று இருந்தது: ஊமைப்படம். அதிலும் காமெடி.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வத'த்தை எடுத்த நடராஜ முதலியார் பக்கத்து வேலூர்க்காரர்தான். புராணக்கதை என்பதால் நடுநடுவே எழுத்து அட்டைகள் காட்ட வேண்டும். எந்த மொழியில் காட்டுவது? 1921 கணக்கெடுப்பின்போது இந்தியாவில் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட எழுத்துத் தெரியாது. அதனால்தான் கொட்டகையில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வார். சாப்ளின் வழுக்கி விழுவதற்கு விளக்கம் எதற்கு? ஹெரால்டு லாயிட் கடிகார முள்ளில் தொங்கினால் (1923) யாருக்குத்தான் புரியாது?

ஆரம்பத்தில் காமெடி வெறும் கொசுறு. 1913-ல் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா'வை பம்பாயில் திரையிட்டபோது கூடவே நடனம், கால்வித்தை, ஒரு சிரிப்புத் துணுக்கு எல்லாம் சேர்த்துத்தான் டிக்கெட் விற்றார்கள். ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்பது அன்றைக்கே இருந்திருக்கிறது :-)

கொசுறு சீக்கிரமே முதலாகிவிட்டது. 1927-ல் அரசு சினிமாவை ஆராய ஒரு குழு போட்டது. தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் ரங்காச்சாரியார். 353 பேரிடம் சாட்சியம் வாங்கி 1928-ல் அறிக்கை கொடுத்தார்கள். சாப்ளின், லாயிட் பெயர்கள் நாடெங்கும் தெரியும், அவர்கள் படம் என்றால் கூட்டம்தான் என்கிறது அது. வெளிநாட்டுப் படம் நம் ஆட்களைக் கெடுக்கிறதா என்று பார்க்கவும் போட்ட குழு! படிப்பு வாசனையே இல்லாதவனும் சேர்ந்து சிரிக்கிறான் என்பதுதான் எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது. வெள்ளைக்கார போலீஸ்காரனை ஒரு பரதேசி ஏமாற்றுவதை அடிமை நாட்டில் பார்த்தால் இனிக்காதா? இது என் ஊகம்தான்.

1931-ல் 'காளிதாஸ்' பேசியது. அதில் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழ் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். அசல் சித்தூர் கடைத்தெரு! பிறகு தமிழ்ப்படம் தமிழருக்கு, தெலுங்குப்படம் தெலுங்கருக்கு என்று கொட்டகையே பிரிந்தது. சாப்ளின் மட்டும் அதே 1931-ல் 'சிட்டி லைட்ஸ்' படத்தை வசனமில்லாமல் விட்டார்.

எங்கள் வீட்டிலும் இப்போது பாஷை பிரிந்துதான் கிடக்கிறது. மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. 'கோல்டு ரஷ்' (1925) போட்டேன். சாப்ளின் பூட்ஸை வேகவைத்துத் தின்னும் இடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அது அதிமதுர மிட்டாயில் செய்த பூட்ஸ் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை.