பந்தின் வழியில் ஒரு காற்றாலை

கோல்ஃபின் கடைசி அடியை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் கிடைப்பது மினி கோல்ஃப். பெரிய ஆட்டத்தில் பந்தைத் தூரத்துக்குப் பறக்கவிடும் அடிகளெல்லாம் முடிந்து குழியை நெருங்கியதும், அதை மெல்லத் தட்டி உருட்டிவிடுவார்கள். அதற்குப் ‘பட்டிங்’ என்று பெயர். மினி கோல்ஃபுக்கு அந்த ஒரு வேலைக்கான மட்டையும் ஒரு பந்தும் போதும். வழக்கமாக 18 குழிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுகிய தடம். இந்த ஆட்டத்தை விடுமுறைக்குப் போன ஊரில், பிள்ளை குட்டிகளோடு, கடற்கொள்ளையர் கப்பலுக்கும் டைனோசருக்கும் நடுவே ஆடும் வழக்கம் அமெரிக்காவில் உருவானது. விதை மட்டும் வேறு மண்ணைச் சேர்ந்தது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1867இல் பெண்களுக்கென்று ஒரு பட்டிங் கிளப் தொடங்கியது. தோளுக்கு மேல் மட்டையை ஓங்கி அடிப்பது பெண்களுக்கு அழகல்ல என்று அக்காலக் கனவான்கள் கருதினார்கள். பந்தை உருட்டுவதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கிளப்பின் புல்தரை மேடும் பள்ளமுமாகக் கிடப்பதால் ‘இமாலயாஸ்’ என்றே பெயர் பெற்றது. இன்றும் அங்கே ஆட்டம் நடக்கிறது. பிறகு, முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி, அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் ஜேம்ஸ் பார்பர் என்ற செல்வந்தர் தம் வீட்டுத் தோட்டத்திலேயே 18 குழிகளை அமைத்தார். பாத்திகளும் நடைபாதைகளும் நீரூற்றும் கொண்ட தோட்டம் அது. ‘திசில் டூ’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கேட்பதற்கு ஸ்காட்லாந்துப் பெயர் போலிருக்கும். வேகமாகச் சொன்னால் ஆங்கிலத்தில் ‘இதுவே போதும்’ என்று பொருள்படும் சிலேடை.

ஆட்டம் பணக்காரத் தோட்டத்தைத் தாண்டி வெளியே வருவதற்குப் புல் ஒரு தடையாக இருந்தது. பந்து சீராக உருளும் அளவுக்குப் புல்லை வளர்த்து வெட்டிப் பராமரிப்பது செலவு பிடிக்கும் வேலை. மெக்சிகோவில் பருத்தித் தோட்டம் வைத்திருந்த தாமஸ் ஃபேர்பேர்ன் 1920களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டார். மாட்டுத் தீவனமாகப் போகும் பருத்திக்கொட்டையின் தோலை அரைத்து, மணலும் எண்ணெயும் சேர்த்து, பச்சைச் சாயம் ஏற்றி, தரையில் பரப்பி அழுத்தினார். வெயிலும் தண்ணீரும் கேட்காத ‘புல்தரை’ கிடைத்தது. இதன் பிறகு மண்ணே இல்லாத இடத்திலும் ஆடலாம் என்றாயிற்று. நியூயார்க்கில் மட்டும் 1920களின் முடிவுக்குள் சுமார் 150 கட்டடங்களின் மொட்டைமாடிகளில் மினி கோல்ஃப் திடல்கள் முளைத்தன.

இதுவரை அலங்காரம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அதைக் கொண்டுவந்தவர்கள் கார்னெட் கார்ட்டர், ஃப்ரீடா கார்ட்டர் தம்பதியர். டென்னசி மாநிலத்துச் சாட்டனூகா நகரை ஒட்டிய லுக்அவுட் மலைமேல் ‘ஃபேரிலேண்ட்’ என்ற பெயரில் அவர்கள் ஒரு குடியிருப்பையும் விடுதியையும் உருவாக்கினார்கள். அங்கே வரவிருந்த பெரிய கோல்ஃப் மைதானம் சீக்கிரத்தில் முடிவதாயில்லை. காத்திருக்கும் விருந்தினர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று 1927இல் ஒரு சிறு திடல் போட்டார்கள். ஃப்ரீடாவுக்கு ஐரோப்பிய நாட்டார் கதைகளில் தீராத மோகம். குள்ளர்களும் கதை மாந்தர்களும் சிலைகளாகத் தடங்களின் ஓரத்தில் வந்து நின்றார்கள். பந்து புகுந்து போக உள்ளீடற்ற மரக்கட்டைகள் கிடந்தன. கட்டைவிரல் உயரமே உள்ள சிறுவனைப் பற்றிய ஆங்கிலக் கதையிலிருந்து ‘டாம் தம்ப்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

தற்காலிக ஏற்பாடு பெரிய மைதானத்தைவிடப் பெரிய வியாபாரமானது. ஃபேர்பேர்னின் பருத்திக்கொட்டைத் தரைக்கு உரிமை வாங்கி, தடம், சிலை, தடுப்பு எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகச் செய்து கார்ட்டர் நாடெங்கும் விற்றார். 1930 ஆகஸ்டில் அமெரிக்க வணிகத் துறை நாட்டில் சுமார் 25,000 மினி கோல்ஃப் திடல்கள் இருப்பதாக மதிப்பிட்டது. அவற்றில் பாதிக்கு மேல் அந்த ஆண்டு தொடங்கிய பிறகு வந்தவை. பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிவிட்ட காலம் அது. வேலையில்லாதவர்களும் கையில் சில்லறை மட்டும் வைத்திருந்தவர்களும் விளக்கு வெளிச்சத்தில் நள்ளிரவு தாண்டியும் ஆடினார்கள். தொகுப்பு வாங்க வசதியில்லாதவர்கள் காலி மனைகளில் பழைய டயர், பீப்பாய், மழைநீர்க் குழாய் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தடத்தின் குறுக்கே போட்டுச் சொந்தமாகத் திடல் அமைத்தார்கள். ஃப்ரீடாவின் குள்ளர்கள் பெரும்பாலும் தடத்தின் ஓரத்தில் நின்றார்கள்; ஏழைகளின் பீப்பாயோ பந்தின் வழியிலேயே நின்றது. பின்னால் வந்த காற்றாலைக்கு மூதாதை இந்தப் பீப்பாய்தான் என்று சொல்லலாம்.

மோகம் வந்த வேகத்திலேயே வடிந்தது. தெருவுக்குத் தெரு திடல் வந்தால் யாருக்கும் லாபம் நிற்காது. இரவுச் சத்தம் பொறுக்காத ஊர்கள் நேரக் கட்டுப்பாடு விதித்தன. தொழிலை நல்ல நேரத்தில் விற்றுவிட்ட கார்ட்டர், அதே மலையில் மனைவி வளர்த்த பாறைத் தோட்டத்தை 1932இல் ‘ராக் சிட்டி’ என்ற சுற்றுலாத் தலமாகத் திறந்தார். ‘ராக் சிட்டியைப் பாருங்கள்’ என்ற வாசகத்தை நெடுஞ்சாலையோரக் களஞ்சியக் கூரைகளில் எழுதவைத்து, காரில் போகும் குடும்பங்களைக் கவர்ந்தார். பின்னாளில் மினி கோல்ஃபைக் காப்பாற்றியதும் இதே வாடிக்கையாளர்கள்தாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காரும் சம்பளத்தோடு விடுமுறையும் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியபோது ஆட்டம் மறுபடி உயிர்த்தது. இரண்டு எதிரெதிர் வழிகளில். வட கரோலினாவின் ஃபேயட்வில் நகரில் டான் கிளேட்டன் 1954இல் தொடங்கிய ‘பட்-பட்’ திடல்களில் காற்றாலை போன்ற வேடிக்கைகளுக்கு இடமில்லை. கணக்குப் பார்த்து அமைத்த கோணங்கள். எந்தக் குழியானாலும் இரண்டே அடியில் முடிக்க வேண்டும் என்ற அளவுகோல். ஏறக்குறைய அதே சமயம் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் ரால்ஃப் லொம்மா, ஆல் லொம்மா சகோதரர்கள் சுழலும் காற்றாலை போன்ற தடைகளைத் தயாரித்து விற்றார்கள். அடி சரியாக விழுந்தாலும் இறக்கை குறுக்கே வந்தால் பந்து திரும்பிவிடும். அப்பாவை ஏழு வயதுப் பிள்ளை தோற்கடிக்க இந்த அநியாயம் தேவைப்பட்டது. கிளேட்டனின் ஆட்டம் பரிசுப் போட்டிகளை வளர்த்தது. லொம்மாக்களின் காற்றாலை குடும்பங்களின் மனத்தில் ஆட்டத்துக்கே அடையாளமாகிப்போனது.

மூன்றாவது வழி கடற்கரையில் பிறந்தது. லீ காப்லின் 1959இல் ஃபுளோரிடாவின் பனாமா சிட்டி பீச்சில் திறந்த ‘கூஃபி கோல்ஃபி’ல் ஸ்ஃபிங்ஸும் டைனோசரும் பிரம்மாண்டமான சிமென்ட் உருவங்களாக எழுந்தன. சாலையில் போகும் காரிலிருந்து பிள்ளைகள் பார்த்துக் கத்த வேண்டும் என்பதே கணக்கு. உருவம்தான் விளம்பரப் பலகை. தென் கரோலினாவின் மர்டில் பீச் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அந்தக் கடற்கரை வட்டாரத்தில் மட்டும் ஏறக்குறைய 50 திடல்கள் எண்ணப்பட்டதுண்டு: குகை, அருவி, மூழ்கிய கப்பல், விழுந்த விமானம். ‘அட்வென்ச்சர் கோல்ஃப்’ எனப்படும் இந்த வகையில் இறக்கை சுழலும் எந்திரங்கள் பெரும்பாலும் மறைந்தன. பந்தின் முன்னே இருப்பது வளைவும் சரிவும் கல்லும் தண்ணீரும்தான். கதை முழுவதும் ஆடுபவரைச் சூழ்ந்து நிற்கிறது. ஒரு குழியிலிருந்து அடுத்ததற்கு நடப்பதே பாதி விளையாட்டு.

வடக்கு மர்டில் பீச்சின் ‘ஹவாயன் ரம்பிள்’ திடலில் 40 அடி உயர எரிமலை ஒன்று குறித்த இடைவெளிகளில் உறுமித் தீயைக் கக்குகிறது. அமெரிக்கத் தொழில்முறை மினி கோல்ஃப் சங்கத்தின் ‘மாஸ்டர்ஸ்’ போட்டி 1990களின் பிற்பகுதி முதல் இந்த எரிமலையைச் சுற்றியுள்ள தடங்களில்தான் நடந்துவருகிறது. கோடையில் குடும்பங்கள் சிரித்துக்கொண்டே தவறவிட்ட அதே குழிகளில், இலையுதிர் காலத்தில் வரும் போட்டியாளர்கள் தரையில் முழங்காலிட்டு அமர்ந்து சரிவை அளக்கிறார்கள்.