அரசு ஊழியர் பேருந்துச் சலுகை (தருமபுரி மாவட்டம்)

தருமபுரி மாவட்டத்தில் மாநில அரசு ஊழியர் அனைவருக்குமான தனிப் பேருந்து மானியம் இல்லை. பொதுமக்களுக்கான திட்டம் வழியாகவும், பணிநிமித்தப் பயணத்துக்குத் துறை தரும் வாரண்ட் என்னும் ஆணைச்சீட்டு வழியாகவுமே சலுகை அவர்களை எட்டுகிறது.

முதலில் இம்மாவட்டத்துப் பேருந்துகளின் பின்னணி. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் குறுகிய அகல ரயில்பாதை வந்தது. 1913-இல் ஓசூர்வரை நீண்ட இப்பாதை, இரண்டாம் உலகப் போரின்போது 1941-இல் மூடப்பட்டுப் பெயர்த்தெடுக்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் தருமபுரிக்குப் பேருந்தே கதி. 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது அலுவலகங்கள் பெருகின. பேருந்துகளோ தனியார் வசம் இருந்தன. தமிழக அரசு பேருந்துகளை நாட்டுடைமையாக்கிய காலத்தில், 1973-இல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அண்ணா போக்குவரத்துக் கழகம் அமைந்தது. அதிலிருந்து 1987-இல் பிரிந்தது தருமபுரியின் அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம், எம்.ஜி.ஆரின் தாயார் பெயர் தாங்கியது. 1997-இல் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதையொட்டித் தென்மாவட்டங்களில் எழுந்த கலவரத்துக்குப் பின், எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டன. தருமபுரிக் கழகம் பின்னர் சேலம் கழகத்தோடு மீண்டும் இணைந்து, இன்று அதன் தருமபுரி மண்டலமாக இயங்குகிறது.

சலுகைகளில் பெரியது மகளிர் கட்டணமில்லாப் பயணம். முதலமைச்சராகப் பொறுப்பேற்ற 2021 மே 7 அன்றே மு.க.ஸ்டாலின் இதற்குக் கையெழுத்திட்டார். மறுநாள் நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் எல்லாப் பெண்களுக்கும் உரியது என்பதால் ஆசிரியை, செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரும் பயன்பெறுகின்றனர். கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு தருகிறார். அதற்கான தொகையை அரசு கழகத்துக்கு ஈடுசெய்கிறது. தொடக்கத்தில் இதற்கென ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் கணக்கிடப்பட்டது. ஊழியருக்கென எவரும் திட்டமிடாத இந்தச் சலுகையே இம்மாவட்டத்தின் கடைநிலைப் பெண் ஊழியருக்குக் கிடைத்த மெய்யான போக்குவரத்துப் படி எனலாம்.

காவலர் முதல் ஆய்வாளர் வரையிலானோர் அடையாள அட்டையைக் காட்டித் தம் மாவட்டத்துக்குள் அரசுப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்லலாம் என்று 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர் சீட்டு வாங்க மறுத்ததால் தகராறு மூண்டது. வாரண்ட் உள்ளவருக்கே இலவசம் என்று போக்குவரத்துத் துறை விளக்கியது. பேருந்துகளுக்குப் போலீசார் அபராதம் விதிக்கும் அளவுக்குப் பூசல் வளர்ந்து, இரு துறைச் செயலர்களின் பேச்சுக்குப் பின் அடங்கியது. வாரண்ட் முறையே சரியானது. கண்டக்டரின் கணக்குக்கு அதுவே சான்று.

மாநில ஊழியருக்கு மாறாக, ஒன்றிய அரசு ஊழியர்க்கு 1997 ஆகஸ்ட் முதல் போக்குவரத்துப் படி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவின்படி, தருமபுரி போன்ற ஊர்களில் நிலை 3 முதல் 8 வரையுள்ளோருக்கு மாதம் 1,800 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேரும். தருமபுரி அஞ்சலக எழுத்தருக்கு இது கிடைக்கும். அதே ஊரின் ஆட்சியர் அலுவலக எழுத்தருக்குக் கிடைக்காது. மாநில அரசில் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு ஊர்திப்படி உண்டு.

மற்ற ஆண் ஊழியர்களும், புறநகர்ப் பேருந்தில் வேலைக்குச் செல்லும் பெண் ஊழியர்களும் முழுக் கட்டணம் செலுத்தியே பயணம் செய்கின்றனர்.