சட்டாம்பிள்ளையின் சனிக்கிழமை

பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசைக்கு அப்பால் இருக்கிறது குத்தம்பாக்கம். அங்கே எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் உண்டு. கிறிஸ்தவர், வேதபுத்தகத்தை வரிவரியாகப் படித்தவர். ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஓய்வுநாள் ஏழாம் நாள் என்றுதான் வேதத்தில் இருக்கிறது. அது சனிக்கிழமை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறோம். எது சரி?"

கேட்க வேண்டியது பாதிரியாரை. கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் நல்லவர்கள் இன்னும் இருக்கிறார்களே! அவருக்கு நான் அருமைநாயகம் என்பவரின் கதையைச் சொன்னேன்.

கத்தோலிக்கருக்கு இந்தச் சங்கடம் இல்லை. வேதத்தோடு பரம்பரை வழக்கும் பிரமாணமே என்று 1546-ல் டிரெண்ட் நகரில் கூடித் தீர்மானித்துவிட்டார்கள். புராட்டஸ்டண்டுகள் பாடுதான் திண்டாட்டம். இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள். ஆதி கிறிஸ்தவர்கள் அன்று கூடினார்கள் என்பதற்கும் புதிய ஏற்பாட்டில் சாட்சி உண்டு. ஆனால் ஓய்வுநாளை மாற்று என்ற கட்டளை எங்கே? ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கியவன் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன், 321-ல்.

நம் நாட்டுக்கு வந்த புராட்டஸ்டண்டுப் பாதிரிமார் முதற்காரியமாக வேதத்தைத் தமிழில் அச்சிட்டார்கள். ஸீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-ல் முடிந்தது. பின்னால் பப்ரிஷியஸ் ஐயர் வேப்பேரியில் உட்கார்ந்து அதைத் திருத்தி எழுதினார். பாண்டிச்சேரியில் 1761-ல் இங்கிலீஷ்காரர் கைப்பற்றிய அச்சுக்கூடம் அவர் வசம் வந்தது. புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, 'இதுவே போதும்' என்று சொன்னால், வாங்கியவன் படிக்காமல் இருப்பானா?

திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்தில் அருமைநாயகம் படித்தார். சட்டாம்பிள்ளை என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. மிஷனில் வேலை பார்த்தவர். அங்கிருந்த காம்மரர் பாதிரியாரோடு மோதி வேலையை இழந்தார். அதே சமயம், 1849-ல், கால்டுவெல் வெளியிட்ட சிறு நூல் ஒன்று நாடார் சமூகத்தை இழிவுபடுத்துவதாக அவர் கொதித்தார். ஆகவே கோபம் வேதவிசாரத்துக்கு முந்தியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ரோஷம் வந்த பிறகுதான் பலருக்குப் புத்தகம் கண்ணில் படுகிறது.

1857-ல் தனிச் சபை கண்டார். ஐரோப்பிய வாடை அடித்ததெல்லாம் வெளியே போயிற்று. சம்பளப் பாதிரி இல்லை. குழந்தை ஞானஸ்நானம் இல்லை. திருவிருந்தில் புளித்த மதுவுக்குப் பதில் புளிக்காத திராட்சைச் சாறு. ஆராதனை சனிக்கிழமை. தரையில் உட்கார்ந்தார்கள், சாஷ்டாங்கமாக விழுந்து வணங்கினார்கள். எல்லாவற்றுக்கும் வேதத்தில் ஆதாரம் காட்டினார்.

காட்ட முடிந்தது என்பதுதான் விசேஷம்! மோசே காலத்துப் பாலைவனம் லண்டனைவிட நாசரேத்துப் பனங்காட்டுக்குத்தான் கிட்டத்தில் இருக்கிறது. பலி, தூபம், அமாவாசைக் கணக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது: பழைய ஏற்பாட்டைப் படிக்கும் தமிழனுக்கு இவற்றுக்கு வியாக்கியானமா வேண்டும்? மேல்நாட்டு மரபைத் தள்ளியவர், வேதத்தின் மூலமாகத் தம் ஊர் மரபைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்பது என் அபிப்பிராயம். அவர் அதை ஒப்பியிருக்க மாட்டார். ஓய்வுநாள் விஷயத்தில் யாரும் உங்களைக் குற்றவாளியாக்க இடங்கொடாதீர்கள் என்ற கருத்தில் பவுல் கொலோசெயருக்கு எழுதியிருப்பது மட்டும் அவருடைய தராசில் கனக்கவில்லை.

மிஷனரிகளின் தராசும் சரியில்லை. அவர்களுடைய ஆங்கிலிகன் சபைக்கு 39 விதிகள் உண்டு. சடங்குகள் எங்கும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை, தேசத்துக்கும் காலத்துக்கும் தக்கபடி மாற்றலாம் என்கிறது 34-ஆம் விதி. ஆனால் தனி மனிதன் இஷ்டம்போல் சபை வழக்கை மீறக்கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. நாசரேத்தில் அவர்கள் கண்ணில் பட்டது பின்பாதி. முன்பாதியை யாராவது உரக்கப் படித்திருந்தால், சனிக்கிழமைத் தகராறு எஞ்சியிருந்தாலும், சாஷ்டாங்க நமஸ்காரத்துக்காகவாவது ஒரு மனிதர் வெளியே போயிருக்க வேண்டாம்.

சட்டாம்பிள்ளையின் சபை பெரிதாகப் பரவவில்லை. சென்னையில் டாக்டர் பல்னி ஆண்டி 1886-ல் தேசியச் சபை என்று ஒன்று தொடங்கினார், அதுவும் நிலைக்கவில்லை.

குத்தம்பாக்கத்துப் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டுகிறோமே, அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது?" என்றார். எந்த அதிகாரத்திலும் இல்லை, லண்டனிலிருந்தும் வரவில்லை. இருந்தும் தமிழ்நாட்டுக் கோயில்களில் பாதிரியார் அதை ஜெபம் செய்து எடுத்துக் கொடுக்கிறார், மாப்பிள்ளை கட்டுகிறான்.