மரத்தை எண்ணிய சட்டமும் நீரைத் தாங்கிய மண்ணும்

சேலம் நகருக்கு வடக்கே எழுந்து நிற்கும் சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்தின் ஊராட்சிகளுள் ஒன்றாக மஞ்சக்குட்டை அமைந்திருக்கிறது. ஏரியும் காடும் சேர்ந்தே ஏற்காடு என்றாயிற்று எனப் பரவலாகக் கூறப்படுவதையும், மழைநீர் தேங்கும் சிறு நீர்நிலைக்கே குட்டை என்று பெயர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இம்மலையின் ஊர்ப்பெயர்கள் எதைக் கொண்டு நிலத்தை அடையாளம் கண்டன என்பது விளங்கும். 5,300 அடிக்கு மேல் உயர்ந்த உச்சியில் உள்ள குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் வழிபடப்படுகின்றனர். அக்குகைக்கும் காவிரிக்கும் தொடர்பு உண்டு என்பது மலைமக்களின் நம்பிக்கை. நில அமைப்பும் ஏறத்தாழ அதையே சொல்கிறது: திருமணிமுத்தாறும் சரபங்காவும் இம்மலையில் தோன்றிக் காவிரியை அடைகின்றன, மறுபுறம் இறங்கும் வாணியாறு தென்பெண்ணையோடு சேர்கிறது.

இம்மலையைக் காக்க அரசு எடுத்த முயற்சிகள் ஏறக்குறைய 170 ஆண்டு வரலாறு உடையவை. அவற்றின் பெரும்பகுதி மரத்தையே அளவுகோலாகக் கொண்டது; மரத்தின் கீழிருந்த மண்ணையும், அம்மண்ணில் பயிரிட்டவர்களையும் பின்னரே, அதுவும் அரைகுறையாகவே, கணக்கில் எடுத்தது.

காலநிலை குறித்த கவலை அண்மையில் பிறந்ததன்று. சென்னை மாகாணத்தில் படைமருத்துவராகப் பணியாற்றிய எட்வர்டு பால்ஃபர், மரங்கள் மழையையும் மண்ணின் ஈரத்தையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பது குறித்த தம் குறிப்புகளை 1849இல் வெளியிட்டார். காடழிந்தால் நாடு வறளும் என்னும் இக்கருத்தை வரலாற்றறிஞர் ‘வறட்சிக் கோட்பாடு’ என்பர். வெப்பமண்டலக் காடுகளின் அழிவால் நேரும் விளைவுகளை ஆராயப் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் அமைத்த குழு 1851இல் அறிக்கை அளித்தது. அக்குழுவில் இடம்பெற்ற மருத்துவரும் தாவரவியலாளருமான ஹியூ கிளெக்ஹார்ன், 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். அவ்வாறு அமர்த்திய அரசே காட்டின் பெரும் நுகர்வோராகவும் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டளவில் தொடங்கிய இரும்பாலைத் தொழில், சேலம் மாவட்டத்தின் இரும்புத் தாதையும் அதை உருக்கும் மரக்கரியையும் நம்பி நடந்தது. 1860களில் சேலம் வழியாகச் சென்ற இருப்புப்பாதை, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளுக்கும் எஞ்சின் விறகுக்கும் காடுகளை நாடியது. ஆகவே 1882இல் இயற்றப்பட்ட சென்னை வனச் சட்டம், மழைக்காக மரத்தைக் காக்கும் நோக்கத்தையும் விறகு தீராமல் பார்த்துக்கொள்ளும் நோக்கத்தையும் ஒருசேரத் தாங்கியது. காப்புக்காடு, அதாவது அரசின் அனுமதியின்றி வெட்டவும் மேய்க்கவும் பயிரிடவும் கூடாத காடு, அச்சட்டத்தின் வழியாகவே மலைச்சரிவுகளில் எல்லைக்கல் பெற்றது.

அந்த எல்லைக்கற்களுக்கு இருபுறமும் வாழ்ந்தவர்கள் மலையாளிகள். இப்பெயர் கேரள மக்களைக் குறிப்பதன்று. தமிழ் பேசும் இம்மலைப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்னும் மரபுக்கதை உடையவர்கள். ஏர் பூட்ட இயலாத சரிவுகளில் மண்வெட்டியால் கொத்திப் பயிரிடும் கொத்துக்காட்டில் ராகியும் சாமையும் தினையும் விளைவித்த அவர்களுடைய வேளாண்மையை, காட்டை அழிக்கும் பழக்கம் என்றே அக்கால வன அலுவலர் பலர் எழுதினர். அதே காலத்தில் அதே மலையில் காடு திருத்திப் பரவிய காப்பித் தோட்டங்களோ முன்னேற்றத்தின் கணக்கில் சேர்க்கப்பட்டன. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச்செடி, அந்நூற்றாண்டுக்குள் மேட்டுநிலத்தின் தோற்றத்தையே மாற்றியது. தோட்டக்காரர்களிடம் ஊர்நிலம் கைமாறுவதைத் தடுக்க, மலையாளி ஊர்களைச் சுற்றி எல்லை வரையறுத்து நிலம் ஒதுக்கவும் அரசு முற்பட்டது. எனினும் ஒருவர் காட்டை வெட்டினால் அழிவு என்றும் மற்றவர் வெட்டினால் ஆக்கம் என்றும் கொண்ட அந்தப் பார்வை நீதியானதன்று. காப்பிக்குச் சார்பாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: நிழல் வேண்டும் பயிராதலால், பலாவும் அத்தியும் போன்ற பழைய மரங்கள் சில தோட்டங்களுக்குள் தப்பின, பின்னர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக், மிளகுக்கொடி ஏறும் தாங்குமரமாகவும் விற்பனைக்கான மரமாகவும் அவற்றின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது.

விடுதலைக்குப் பின்னும் சட்டத்தின் பார்வை மரத்தின் மேலேயே இருந்தது. 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும், மலைப்பகுதிகளில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் குழுவின் அனுமதி வேண்டும் என்ற 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வகையின. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1960களில் ஏற்காட்டில் தொடங்கிய ஆர்கிட் தோட்டம், இம்மலைக்கே உரிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்னும் அரிய மரத்தையும் பேணுகிறது. கட்டடப் பெருக்கத்தை நெறிப்படுத்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் அரசாணையால் அமைக்கப்பட்டது.

இவை எவையும் முதன்மையாகக் கருதாத ஒன்று உச்சிமேட்டின் மண். சேர்வராயன் மலையின் உடல் சார்னோகைட் என்னும் கடும்பாறை. அதன் தலையில், நெடுங்கால மழையில் மற்றத் தாதுக்கள் கரைந்தோடியபின் எஞ்சிய செம்புரைக்கல்லும் பாக்சைட்டும் தொப்பிபோல் கவிந்துள்ளன. பாக்சைட் என்பது அலுமினியம் எடுக்கும் தாது. துளை நிறைந்த இத்தலைமண் மழைநீரை உறிஞ்சி, தன் அடிவிளிம்பில் ஊற்றுகளாகச் சிறிதுசிறிதாகக் கசியவிடும் இயல்புடையது. மழை நின்றபின்னும் ஓடையில் நீர் இருப்பது இதனால்தான். 1965இல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கிய மதராஸ் அலுமினியம் நிறுவனத்துக்கு வேண்டிய பாக்சைட், சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வெட்டப்பட்டு லாரிகளில் இறங்கியது. மரத்தை வெட்டினால் மீண்டும் நடலாம். அகழ்ந்தெடுத்த தலைமண்ணை எந்த நாற்றங்காலிலும் வளர்க்க இயலாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை, அதாவது ஒரு திட்டம் நிலத்துக்கும் நீருக்கும் செய்யவிருக்கும் கேட்டை முன்கூட்டி ஆராய்வதை, 1994ஆம் ஆண்டு அறிவிக்கை கட்டாயமாக்கியது; 2006ஆம் ஆண்டு அறிவிக்கை அதை விரிவாக்கியது. மலைமக்களும் சேலத்துச் சூழல் ஆர்வலர்களும் எழுப்பிய எதிர்ப்புக்கிடையே, 2008இல் இவ்விரு மலைகளிலும் சுரங்கப்பணி நின்றது. அந்த எதிர்ப்பின் சிறப்பு, மரத்தைப் பற்றி மட்டும் பேசாமல் ஊற்றைப் பற்றியும் பேசியதில் உள்ளது. அதே உணர்வு மலையடியிலும் வினையாயிற்று: சேர்வராயன் அடிவாரத்து மழைநீரை வாங்கும் கன்னங்குறிச்சி மூக்கனேரியை, சேலம் மக்கள் குழு என்னும் தன்னார்வ அமைப்பு 2010 முதல் தூர்வாரி, எடுத்த மண்ணைத் திட்டுகளாக்கி மரம் வளர்த்தது.

பழங்குடியினருக்குக் காட்டின்மேல் உரிமையையும் அதைக் காக்கும் அதிகாரத்தையும் கிராம சபை வழியாக அளிக்கும் வன உரிமைச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டபோதிலும், நீதிமன்ற வழக்கினால் தமிழகத்தில் உரிமை வழங்கல் 2016 வரை தடைபட்டது. அதன்பின் அரசின் சொற்களும் விரிந்தன. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடும் மரமும் மூடிய பரப்பை மாநில நிலப்பரப்பில் 33 விழுக்காட்டுக்கு உயர்த்த இலக்கு வைத்துள்ளது. அதனோடு ஈரநில இயக்கமும் காலநிலை மாற்ற இயக்கமும் சேர்ந்துள்ளன. மாவட்டந்தோறும் காலநிலைப் பணிக்கு ஆட்சியரே இயக்குநராக்கப்பட்டுள்ளார். மரத்தோடு நீர்நிலையும் அரசின் கணக்குக்குள் வந்தது நல்ல மாற்றம். ஆயினும் 33 என்னும் எண்ணில் ஒரு சோலையும் ஒரு சில்வர் ஓக் தோப்பும் ஒரே நிறமாகத் தெரியக்கூடும், ஊற்றுகளின் கணக்கு அதில் இல்லை. அக்கணக்கை அறிந்தவர்கள் மஞ்சக்குட்டை போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்களைத் தமிழக அரசு ஆறாக்கியபோது புதிதாகச் சேர்த்த நாள்களுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். கோடையில் எந்த ஊற்று வற்றியது, எது வற்றவில்லை என்பதை ஊரே கூடித் தீர்மானத்தில் எழுதிவைக்க அந்நாள் சட்டப்படி இடம் தருகிறது.